பெட்டிக்குத் தைத்த உறை

பருத்திப்பட்டு,
ஞாயிறு சாயங்காலம்.

என் கண்ணு பானுவுக்கு,

அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் இங்கே சுகமாகத்தான் இருக்கிறோம், அப்பாவுக்கு முட்டி வலி மட்டும் வருவதும் போவதுமாக இருக்கிறது, வேண்டாத வேலையாக மொட்டை மாடிக்கு ஏறாமல் இருந்தால் வராது, சொன்னால் கேட்கிற ஆளா அவர். நகோயாவில் நீயும் சளி இருமல் இல்லாமல், வேளாவேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருப்பாய் என்று நம்பிக்கொண்டிருக்கிறேன். ஜனவரியில் லீவுக்கு வந்தபோது உன் போன் படங்களெல்லாம் வந்து சேர நீ வைத்துவிட்டுப் போன சர்வர் பெட்டியும் சுகம். அதைப் பற்றித்தான் இந்தக் கடிதமே. போனில் சொல்லலாம்தான், ஆனால் நான் வாயைத் திறப்பதற்குள் நீ "அம்மா, அந்த வயரக் கழட்டி மாட்டு" என்று ஆரம்பித்துவிடுகிறாய், பக்கத்தில் அப்பா வேறு உட்கார்ந்து எடுத்துக்கொடுப்பார். அதனால் வடகம் பார்சலோடு இதையும் வைக்கிறேன். பொறுமையாகப் படி, சிரிப்பு வந்தால் சிரித்துக்கொள், நான் ஒன்றும் நினைக்க மாட்டேன்.

போன வாரம் நீ ஒன்று சொன்னாய். "இன்னும் ஒரு தடவ நின்னா அவ்ளோதாம்மா, மாச வாடகைக்கு ஆன்லைன்ல எடம் வாங்கி எல்லாத்தையும் அங்க ஏத்திடறேன், பெட்டிய வெங்கட்டுக்குக் குடுத்துடு" என்று. உன் பெரியப்பா மகனுக்குக் கொடுக்க எனக்கு மனசில்லாமல் இல்லை, அவன் நல்ல பிள்ளை. ஆனால் அன்றைக்குப் போனை வைத்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. அந்தப் பெட்டி இந்த வீட்டை விட்டுப் போகக் கூடாது பானு. ஏன் என்று பிறகு சொல்கிறேன், முதலில் அது ஏன் நின்று நின்று போனது என்பதைச் சொல்லிவிடுகிறேன். குற்றவாளி கரண்டும் இல்லை, வயரும் இல்லை, உன்னைப் பெற்றவள்தான்.

நீ பெட்டியை டிவி ஸ்டாண்டில் வைத்து, உள்ளே இரண்டு டிஸ்க் இருக்கிறது, ஒன்று கெட்டாலும் இன்னொன்றில் எல்லாம் அப்படியே இருக்கும் என்று எனக்கு விளக்கிவிட்டு விமானம் ஏறினாய். நம் வீட்டில் உறை இல்லாத சாமான் எது சொல்லு. மிக்சிக்கு இருக்கிறது, பிரிட்ஜுக்கு இருக்கிறது, வாஷிங் மெஷினுக்கு இருக்கிறது, டிவி ரிமோட்டுக்குக்கூட இருக்கிறது. இது மட்டும் அம்மணமாக நின்றுகொண்டிருந்தது, அதுவும் பின்பக்கம் பூராவும் ஓட்டை ஓட்டையாக, பார்க்கவே எனக்குக் கூசியது, தூசி போகாதா. இத்தனை வருஷம் ஃபேக்டரியில் ராணுவத்துக்கு உடுப்பு தைத்த கை சும்மா இருக்குமா. கனமான துணியாகப் பார்த்து எடுத்து, உள்ளே லைனிங் கொடுத்து, ஓரமெல்லாம் பைப்பிங் வைத்து, வயர் வெளியே வர மட்டும் பட்டன் துளை மாதிரி சின்ன வழி விட்டுத் தைத்தேன். எறும்புகூட உள்ளே போக முடியாது, அவ்வளவு நேர்த்தி. அடுத்த லீவுக்கு நீ வரும்போது பார்த்து அசந்துபோகட்டும் என்று உன்னிடம் மூச்சுவிடவில்லை.

பங்குனி வரைக்கும் பெட்டி ஒழுங்காகத்தான் ஓடியது. வெயில் ஏற ஏற, மதியமானால் தானாக அணைய ஆரம்பித்தது. நான் முதலில் சந்தேகப்பட்டது பக்கத்து வீட்டுத் துலுக்கானத்தை. அவர் போர் மோட்டார் போடுவதால்தான் நமக்குக் கரண்ட் இறங்குகிறது என்று போய்ச் சண்டையே போட்டுவிட்டேன். அவர் தலையில் சோப்பு நுரையோடு வெளியே வந்து, "இன்னாம்மா இது, என் மோட்டாருக்கும் உன் பொட்டிக்கும் இன்னா சம்மந்தம், நான் குளிக்கறதா வாணாவா" என்றார். பாவம், அப்படியும் எனக்காக மதியத்தில் மோட்டார் போடுவதை விட்டுவிட்டார், பெட்டி அதற்கெல்லாம் மசியவில்லை. அப்புறம் மார்க்கெட் பக்கம் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கிற டில்லிபாபுவை அழைத்தேன். அவர் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "அடாப்டர் வீக்காகீது ஆன்ட்டி, மாத்திக்கினா சோக்கா ஓடும்" என்று மாற்றிக் கொடுத்தார். மறுநாளே நின்றது. அவரைக் குறை சொல்ல மாட்டேன், வெளியாள் வருகிறார் என்றால் உறையெல்லாம் கழற்றி மடித்து வைத்துவிட்டு, சாமானைப் பளிச்சென்று காட்டுவதுதானே என் வழக்கம். நீ வீடியோவில் காட்டச் சொன்னபோதும் அதையேதான் செய்தேன். வைத்தியம் பார்க்க வந்த யாரும் நோயைக் கண்ணால் பார்க்கவில்லை.

நீயாவது அங்கிருந்து பார்த்துவிட்டு, சூடு அதிகமானதாகக் காட்டுகிறது என்று சொன்னாய். நான் என்ன சொன்னேன், ஞாபகம் இருக்கிறதா? கத்திரி வெயிலில் நம் ஆவடிப் பக்கம் யாருக்குச் சூடு இல்லை, எனக்குத்தான் உடம்பெல்லாம் கொதிக்கிறது, அதற்காக நான் என்ன அணைந்தா போய்விட்டேன் என்று உன் வாயை அடைத்தேன். ஆனாலும் மனசு கேட்காமல் அப்பாவின் டேபிள் ஃபேனைப் பிடுங்கிக்கொண்டுவந்து பெட்டிக்கு எதிரில் வைத்தேன். அப்பா துண்டால் விசிறிக்கொண்டு, "பொட்டிக்குக் காத்து, கட்னவனுக்கு வேர்வையா, நல்லாகீது நாயம்" என்று புலம்பினார். அந்தக் காற்றெல்லாம் என் உறைமேல்தான் பட்டுக்கொண்டிருந்தது என்பது என் மண்டைக்கு எட்டவே இல்லை.

நீ அந்த வாடகைப் பேச்சை எடுத்த மறுநாள், டிவி பார்த்துக்கொண்டே சாப்பிட்ட அப்பா உறைமேல் சாம்பாரைக் கொட்டிவிட்டார். நான் கத்திக்கொண்டே அதைத் துவைத்துக் கஞ்சி போட்டு மாடியில் காயவைத்தேன், காய்கிற நேரத்துக்கு ஒரு மழை வந்து திரும்ப நனைத்துவிட்டது. அது காய்கிற வரைக்கும் பெட்டி வெறுமனே இருந்தது, ஒரு தடவைகூட நிற்கவில்லை. டில்லிபாபு போட்ட அடாப்டர் இப்போதுதான் செட் ஆகியிருக்கிறது என்று அப்பாவிடம் பெருமையாகச் சொன்னேன். இஸ்திரி போட்டு உறையை மாட்டினேன். மதியம் ரசம் ஊற்றிச் சாப்பிடுவதற்குள் பெட்டி அணைந்துவிட்டது. கையை உள்ளே விட்டுப் பார்த்தேன், இட்லிப் பானைக்குள் விட்டது போல இருந்தது. அப்பா என்னைப் பார்த்தார், உறையைப் பார்த்தார், "ஃபேக்டரில உன்னியப் போயி செக்கிங்ல வெச்சானுங்களே, கீய்ஞ்சிது போ" என்று புரையேறுகிற அளவுக்குச் சிரித்தார். எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது.

ஆக, நீ சொன்ன அந்த இன்னும் ஒரு தடவை நடந்தேவிட்டது. அன்றைக்கு நீ ஒசாகா போயிருந்தாய், கவனித்திருக்க மாட்டாய், நான் மறைத்திருக்கலாம், மனசு வரவில்லை. நீ சொல்லித்தந்தபடி போனில் அந்தப் பட்டனை அமுக்கி இரண்டு டிஸ்கையும் சோதனைக்கு விட்டுவிட்டு, பிரசவ அறை வாசலில் இருப்பது போல நாள் முழுக்க எதிரிலேயே உட்கார்ந்திருந்தேன். இரண்டும் நல்லபடியாக இருக்கிறது என்று வந்தது. துலுக்கானத்திடம் மன்னிப்பு கேட்டு, உறையை அவர் மோட்டாருக்குக் கொடுத்துவிட்டேன், ஓடும்போது கழற்றிவிடுங்கள் என்று சொல்லித்தான் கொடுத்தேன். அந்த அளவுக்காவது புத்தி வந்திருக்கிறது.

இப்போது, பெட்டி ஏன் இங்கிருந்து போகக் கூடாது என்பதற்கு வருகிறேன். நீ வேலை முடிந்து ரூமுக்குள் நுழைந்ததும் உன் போன் அன்றைக்கு எடுத்த படங்களைத் தானாக இங்கே அனுப்பும், அப்போது பெட்டியில் நடு விளக்கு மினுக்கும் என்று நீதான் சொன்னாய். இங்கே அப்போது மதியம், நாங்கள் சாப்பிட்டு முடித்திருப்போம். விளக்கு மினுக்கியதும் நான் "பானு வந்துட்டா" என்பேன், அப்பா உடனே டிவி சத்தத்தைக் குறைப்பார், எதற்குக் குறைக்கிறார் என்று அவருக்கே தெரியாது. உன் படம் எதையும் நான் திறந்து பார்த்ததில்லை, அது உன் பாடு. நீ வாரத்துக்கு ஒரு நாள்தான் பேசுகிறாய், வேலை அப்படி, நான் குறை சொல்லவில்லை. மிச்ச நாளெல்லாம் எனக்கு அந்த விளக்குதான். வெயிலில் பெட்டி அணைந்து கிடந்த மதியங்களில் நான் கண்டவர்களோடு சண்டை போட்டதும் அதனால்தான். உன் படங்களை நீ எந்த வாடகை இடத்தில் வேண்டுமானாலும் வைத்துக்கொள், அதுதான் பத்திரம் என்றால் அதையே செய். அங்கேயும் விளக்கு மினுக்கும்தான், ஆனால் அதைப் பார்க்கிறவனுக்கு நீ வீடு வந்து சேர்ந்துவிட்டாய் என்று தெரியாது. அதனால் இங்கேயும் ஒரு பிரதி வந்துகொண்டிருக்கட்டும், அம்மா இதை வாய்விட்டே கேட்கிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள், வடகத்தை ஈரமில்லாத டப்பாவில் போட்டு வை. நீ நோய்நொடி இல்லாமல், நினைத்ததெல்லாம் நடந்து நீடூழி வாழ அப்பாவும் நானும் வேண்டிக்கொள்கிறோம். ஒன்றை மட்டும் மறக்காதே, படம் எடுக்க எதுவுமே இல்லாத நாளிலும் ஒன்று எடு கண்ணு, வாசலில் நீ கழற்றிப் போட்ட செருப்பை எடுத்தால்கூடப் போதும்.

என்றும் உன் நினைவாக,
அம்மா சாமுண்டீஸ்வரி