பூசையில் வைத்த உருளை

கணபதி, கோவை.

அன்புக் கண்ணு லோகப்பிரியாவுக்கு அம்மா எழுதுவது. அந்தக் குளிரில் நீயும் மாப்பிள்ளையும் நோய்நொடி இல்லாமல் இருக்கக் காரமடை ரங்கநாதர் துணை. போனில் சொல்ல வாயெடுத்தால் அழுகை முந்திக்கொள்கிறது, அதனால்தான் எழுதுகிறேன்.

அப்பாவுக்கு ரத்தப் புற்றுநோய் என்று தெரிந்ததிலிருந்து பட்டறை பூட்டித்தான் கிடந்தது. போன வாரம் அங்கிருந்த பழைய சாமான்களைக் காயலான் கடை யூனுஸ் பாய்க்குப் போட்டுவிட்டேன். அவருடைய லாரி உருக்காலை வாசலுக்குப் போனதும் கதிர்வீச்சு பார்க்கும் மிஷின் கத்தியிருக்கிறது. ஆபீசர்கள் நம் வீட்டுக்கே வந்துவிட்டார்கள். கத்தியது எதற்குத் தெரியுமா, பட்டறையில் அப்பா மேசையில் காகிதம் பறக்காமல் இருக்க வைத்திருந்தாரே, குழவி மாதிரி பளபளவென்று ஒரு உருளை, அதற்கு! நீ பள்ளிக்கூடம் சேரும் முன்பே ஏதோ மூடிய ஆலையின் ஸ்கிராப்பில் வந்தது, துருவே பிடிக்கவில்லை என்று அவருக்கு அத்தனை பெருமை. ஆயுத பூசைக்கு லேத்துக்கும் முன்னால் அதற்குத்தான் சந்தனம் குங்குமம் வைப்பார். உள்ளே சீசியமாம், கதிர் வீசுமாம். ஈயப் பெட்டியில் அடைத்து எடுத்துப்போனார்கள். எமனுக்கா இத்தனை வருஷம் பொட்டு வைத்தோம்?

அப்பாவைப் பார்க்கும் டாக்டரம்மாவிடம் ஓடினேன். இதனால்தான் வந்தது என்று அடித்துச் சொல்ல முடியாது, ஆனால் இந்தக் கதிரால் ரத்தப் புற்றுநோய் வரலாம் என்பது உண்மைதான் என்றார். மாத்திரையில் நோய் கட்டுக்குள் இருக்கிறது என்றும் சொன்னார், அந்த மட்டும் நிம்மதி.

வந்து அப்பாவிடம் சொன்னால், தன் உடம்பைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. "அம்மணி அந்த மேசைலதானே உக்காந்து படிச்சுது, அதுகிட்ட நான் எப்படிச் சொல்லுவேன்" என்றார். வீட்டில் டிவி சத்தம் என்று பன்னிரண்டாவது முடியும்வரை நீ அங்கேதானே கிடந்தாய். அதிலிருந்து அவருக்குச் சோறு இறங்கவில்லை, எனக்கும்தான்.

பதறாதே சாமி. நீயும் ஒரு ரத்தப் பரிசோதனை செய்துகொள்வது நல்லது என்கிறார் டாக்டரம்மா. அங்குள்ள டாக்டரிடம் இதை மறைக்காமல் சொல். முருங்கைப் பொடி அனுப்பியிருக்கிறேன், வீணாக்காமல் சாப்பிடு. நீங்கள் இருவரும் நூறாயுசு நன்றாக இருக்க வேண்டும்.

ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. முடிவு வந்ததும் எனக்குப் போடாதே, அப்பாவுக்குப் போன் போடு. அவராகக் கேட்க மாட்டார். நீ கூப்பிட்டால் எப்போதும் என்னிடம் நீட்டிவிடுகிற மனுஷன், இப்போது போனைச் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

உன் அம்மா,
நாச்சியம்மாள்