தகரக் கொட்டகையில் ஒரு ஞாயிறு

ஆவணி, ஞாயிறு இரவு.

மதுமிதாவைப் பார்க்க நாமக்கல் விடுதிப் பள்ளிக்குப் போனேன். அங்கே பெற்றோரைக்கூடப் பிள்ளைகளின் செக்சன்படிதான் உட்கார வைப்பார்கள். போன மாதம் ஹாலில், மின்விசிறிக்கு அடியில் இருந்தேன். இந்த மாதத் தேர்வில் மகள் கடைசி செக்சனுக்கு இறங்கிவிட்டாளாம். வாட்ச்மேன் என்னைத் தகரக் கொட்டகைக்குப் போகச் சொன்னார். எனக்கு எங்கே உட்கார்ந்தால் என்ன?

கொண்டுபோன அரிசிம்பருப்புச் சோற்றை அவள் தொடவேயில்லை. துப்பட்டாவால் என் முகத்து வேர்வையைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்: "அடுத்த மாசம் வராதீங்கம்மா. நான் மேல ஏறுன பொறவு வாங்க. நீங்க இங்க உக்கார வேண்டாம்."

"சரி சாமி" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

பஸ் ராசிபுரம் தாண்டிய பிறகுதான் சொல்ல வேண்டியது வாயில் வந்தது. "பையை எடு கண்ணு, ஊட்டுக்குப் போலாம்."