அண்ணன் திரும்பிப் பார்க்கும் இடம்

அன்புள்ள அப்பாவுக்கு,

மும்பையிலிருந்து ராகுலனின் ஜெய்பீம். மூச்சிரைப்பு எப்படி இருக்கிறது? சுரங்கத்தில் டிரில் போட்ட காதுக்குப் போனில் பாதிதான் கேட்கும், அதனால் எழுதுகிறேன். நான் நலம்.

நம் ஊர் சாம்பியன் ரீப்ஸின் ஹெவி மெட்டல் இசைக்குழுவைப் பற்றிய ஆவணப்படத்துக்கு ஒலி சுத்தம் செய்கிறேன் அல்லவா, அதில் ஒரு சின்னத் தப்பு. நம் வீட்டில் உதய் அண்ணன் டிரம்ஸ் வாசிக்கும்போது அம்மா உள்ளேயிருந்து கத்தினாள்: "இன்னாடா சத்தம், செவுரு வுழுந்துடும், வந்து துன்னுடா!" போன வருடம், அம்மா இருந்தபோது, அதை இரைச்சல் என்று நீக்கிவிட்டேன். மூலப் பதிவையும் இங்கே அழித்துவிட்டார்கள். இப்போது படத்தில் அண்ணன் வாசிப்பதை நிறுத்தி, கதவைப் பார்த்து, "வரேம்மா" என்கிறான். யாருமே கூப்பிடவில்லை.

அன்று நீங்களும் பழைய போனில் வீடியோ எடுத்தீர்கள். அது பீரோவில் இருக்கும். சார்ஜ் போடாதீர்கள், பேட்டரி உப்பியிருக்கிறது. ரிப்பேர் கடையில் கொடுக்கவே கொடுக்காதீர்கள், எல்லாவற்றையும் அழித்துவிடுவான். துணியில் சுற்றி, தினமும் ரயிலில் பெங்களூர் போகிற யசோதரா அக்காவிடம் கொடுங்கள், கூரியர் போடுவாள். பதினைந்தாம் தேதி படம் என் கையை விட்டுப் போகிறது. அம்மா அரைத்த மிளகாய்த்தூள் மிச்சம் இருந்தால் அதையும் வையுங்கள்.

அண்ணனிடம் சொல்லாதீர்கள். அந்த இடத்தை இன்று நாற்பது தடவை ஓட்டிப் பார்த்துவிட்டேன் அப்பா. சீக்கிரம் அனுப்புங்கள். ஸ்டூடியோவில் கூப்பிடுகிறார்கள்.

ராகுலன்