இரண்டு மணிக்கு மூடிய ஊர்

03.06.1988, வெள்ளி. விபோர்க்.
காலையிலிருந்து தூறல். நாளை விமானம், ஸ்பெயினுக்கு. இன்னும் நம்ப முடியவில்லை.

கதிரைத் தொழிற்சாலையில் என் பக்கத்து மேசைக்காரன் யென்ஸ். அவனோடு கூடப் போகவிருந்த அவன் தமையனுக்குக் கால் முறிந்துவிட்டது. சீட்டு வீணாகப் போகிறது, நீ வா என்று ஒரே பிடி.

கொமூனில், அதுதான் நகரசபைக் கந்தோரில், கேட்டேன். அகதிப் பயணப் பத்திரம் இருக்கிறதுதானே, ஒரு கிழமை போய் வந்தால் மனைவியின் விண்ணப்பத்துக்கு ஒன்றும் ஆகாது என்றாள் அங்கிருந்த பெண். வசந்தியையும் பிள்ளையையும் ஊரிலிருந்து கூப்பிட எழுதிப்போட்டுப் பதினாறு மாதம். எப்போது கேட்டாலும் பரிசீலனையில் இருக்கிறதாம். சட்டப்படி உரிமை உண்டாம். பிறகென்ன பரிசீலனை? விளங்கவில்லை.

அறையில் கூட இருக்கும் சிவம் அண்ணை: "போட்டு வா. இஞ்ச இருந்து தபால் பெட்டியைப் பாத்துக்கொண்டிருந்தா மட்டும் கடிதம் வந்திடுமோ?"

கொண்டுபோக: சாரம் 2, மிளகாய்த்தூள், தலையிடிக் குளிசை, பத்திரம் (சட்டைக்குள்).
வசந்திக்குச் சொல்லவில்லை.

05.06, ஞாயிறு. ஸ்பெயின்.
நல்ல வெயில். வெள்ளைச் சுவர் வீடுகள், ஒடுங்கிய ஒழுங்கைகள், சின்னத் துறை. யாரோ படகுக்கு நீலம் பூசுகிறார்கள். டென்மார்க்காரர் கறுப்பதற்காக வெயிலில் கிடக்கிறார்கள், நான் நிழலைத் தேடித் திரிகிறேன். யென்ஸின் முதுகு அவித்த இறால் நிறம்.

சந்தோஷமா, குற்றமா, தெரியவில்லை. சாப்பிட மட்டும் நன்றாகத்தான் சாப்பிட்டேன். கணவாய்ப் பொரியல், இரண்டு தட்டு.

06.06, திங்கள்.
வெட்கக்கேடு.

பாண் வாங்கப் போனேன். இரண்டு மணி. கடைக்காரி என் முகத்துக்கு நேரே இரும்புத் தகட்டை இழுத்து மூடினாள். அடுத்த கடையும். தபால் கந்தோரும். ஐந்து நிமிடத்தில் தெருவில் ஒரு நாய்கூட இல்லை. யன்னலெல்லாம் சாத்தியாயிற்று. எனக்கு வேறொன்றும் தோன்றவில்லை. ஊரடங்கு. சுவரோடு சுவராக ஓடிப்போய், கடற்கரையில் படுத்திருந்த யென்ஸின் கையைப் பிடித்து இழுத்தேன். உள்ளே வா, சுடுவார்கள் என்றேன். என் அரைகுறை டேனிஷில் அதுதான் வந்தது. நாலைந்து பேர் எழுந்திருந்து பார்த்தார்கள்.

பகல் தூக்கமாம். தினமும் இப்படித்தான் மூடிவிட்டுப் படுப்பார்களாம். யென்ஸ் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். நான் இன்னும் அவன் கையை விடவில்லை என்று கண்டதும் நிறுத்திவிட்டான்.

ஐந்து மணிக்குத் திறந்தார்கள். அதே கடைக்காரி பாண் தந்தாள். வசந்திக்குப் படம் போட்ட தபாலட்டை ஒன்று வாங்கினேன். அவள் ஊரில் உண்மையான ஊரடங்குக்குள் இருக்கிறாள், நான் ஒளிப்பது சரியில்லை. "ஸ்பெயினில் நிற்கிறேன். சுகம். விபரம் பிறகு." அட்டையில் அவ்வளவுதான் இடம்.

12.06, ஞாயிறு. விபோர்க்.
மழை. ஒரு கிழமைத் தபால் முழுக்கக் கடை விளம்பரம். வசந்திக்கு விபரமாக எழுத உட்கார்ந்தேன். எங்கே தொடங்குவது? கடலிலா, கணவாயிலா? மூன்று தரம் கிழித்துப்போட்டேன்.

09.07, சனி.
பின்னேரம் தொலைபேசி. கொழும்பிலிருந்து வசந்தி. பிள்ளையையும் தூக்கிக்கொண்டு அத்தனை சோதனைச் சாவடியும் தாண்டித் தன் தமையன் வீட்டுக்கு வந்திருக்கிறாள், என்னோடு கதைப்பதற்கு. எல்லாம் அந்த அட்டையால்.

எங்கள் ஆட்களில் வழியில் ஒரு நாட்டிலிருந்து அட்டை போடுகிறவன் என்றால், ஆட்களைக் களவாக அனுப்பும் ஏஜென்டோடு அடுத்த நாட்டுக்குப் போகிறவன். டென்மார்க் என்னைத் துரத்திவிட்டது, இல்லாவிட்டால் நான் அவளைக் கைவிட்டுக் கனடாவுக்குப் போகிறேன், இரண்டிலொன்று என்று முடிவு கட்டியிருக்கிறாள். எனக்கு ஏன் இது தோன்றவில்லை? மடையன்.

உண்மையைச் சொன்னேன். விடுமுறை. வேலைக் கூட்டாளி. ஒரு கிழமை. திரும்பிவிட்டேன். சொல்லச் சொல்ல எனக்கே பொய் மாதிரி இருந்தது.

அழப்போகிறாள் என்று பயந்தேன். அழவில்லை. நிதானமாகத்தான் கேட்டாள்.

"கடல் குளிக்கிறதுக்கு உங்களை வெளியால விட்டு, திரும்பியும் உள்ள எடுக்கினம். எங்களை மட்டும் ஏனப்பா எடுக்கினமில்லை?"

பிள்ளையிடம் கொடு என்றேன். பிள்ளையின் குரலைக் கேட்க ஆசையாக இருந்தது. நித்திரையாம். செவ்வாய்க்கிழமை பஸ்ஸில் திரும்பிப் போகிறார்கள், வந்த வழியால்.