பொக்கட்டுல கிடந்த நாலு நட்டு

அல்லாஹ்ட ரஹ்மத்தோட கபுறில உறங்குற எண்ட அன்பு மச்சானுக்கு,

உங்கட ஜனாஸாவுக்கு வந்த சனம் கல்முனையில இருந்து ஒலுவில் துறைமுகம் வரைக்கும் நிண்டுது. சரி, சரி. "அரைவாசியாக் குறைங்க மச்சான்" எண்டு நீங்க சிரிக்கிறது கேக்குது. பள்ளிவாசல் நிறையச் சனம். அது பொய்யில்ல.

இந்தியாவில இருந்து ஒத்தை ஸ்பேனரோட வந்திறங்கின உங்களுக்கு எண்ட தங்கச்சியக் கட்டித் தந்து, அவட சீதன வளவுக்குள்ளேயே பட்டறை போட வச்சவன் நான். அந்தப் பட்டறை பெரிய மெசின் கம்பனியாகினதும், கதிரில இருந்து நெல்லப் பிரிக்கிற சூடடிப்பு மெசினை ரெண்டு பேரும் சேர்ந்துதான் கண்டுபிடிச்சம் எண்டு ஊரெல்லாம் கதைச்சுத் திரிஞ்சன். நான் பிடிச்சது டோர்ச் லைட்டு மட்டும்தான். நீங்க ஒரு நாளும் மறுத்துக் கதைக்கல்ல.

முதல் மெசினைச் சம்மாந்துறை வயலில நிலச் சொந்தக்காரப் போடிமாருக்கு ஓட்டிக் காட்டின நாள் ஞாபகமா? நீங்க பகல் லுஹர் தொழப் போன நேரம், "இதிட வேகத்தப் பாருங்க!" எண்டு, கதிர் போடுற வாயில கை உள்ள போகாம மறிச்சு நிண்ட இரும்பு மூடிய நான் கழட்டினன்.

"மூடி இல்லாமப் பயமாக் கிடக்கு காக்கா" எண்டான் நம்மட வேலையாள் இஸ்மாயில்.

"நான் செய்த மெசின்டா, போடு!"

ரெண்டாவது கதிர்க்கட்டோட அவன்ட வலக்கை முழங்கை வரைக்கும் உள்ள போயிட்டு.

ஓடி வந்தீங்க. "மூடி எங்க மச்சான்?"

"தெரியா" எண்டன். மூடியிட நாலு நட்டும் எண்ட சேர்ட் பொக்கட்டுல துருத்திக்கிட்டு நிண்டுது. அதைப் பார்த்தீங்க. பிறகு சனத்தப் பார்த்து, "நான்தான் மூடியப் பூட்ட மறந்திட்டன்" எண்டீங்க. அதுக்குப் பிறகு செய்த ஒவ்வொரு மெசினிலயும் மூடிய நட்டுப் போடாம வெல்டிங் பண்ணியே விட்டீங்க. எனக்கு ஏன் ஒரு சொல்லும் ஏசல்ல மச்சான்?

போன மாசம் ஜனாஸாத் தொழுகைக்கு முன்னால, குடும்பத்துக்கு மூத்தவன் எண்டு வழமைப்படி நான்தான் எழும்பினன். "எங்கட மச்சான் யாருக்கும் அநியாயம் செய்திருந்தா மாப்புக் குடுத்திடுங்க" எண்டு கேட்டன்.

பின்வரிசையில இஸ்மாயில் இடக்கையத் தூக்கினான். "எண்ட கைக்கு முதலாளிய அல்லாஹ்வுக்காக மன்னிச்சிட்டன்."

சனம் அழுதுது. நானும் அழுதன். வாயத் திறக்கல்ல. எதுக்கெல்லாம் நீட்டி முழக்கின வாய்!

வாற வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிய, அதே பள்ளியில, அதே இடத்தில எழும்பி, இஸ்மாயிலுக்கு முன்னால இதச் சொல்லுவன். அவன் என்னை மன்னிப்பானா, தெரியா. நட்டு நாலும் இன்னும் என்னட்டத்தான் கிடக்கு. கொண்டு போறன். மூண்டுமில்ல, அஞ்சுமில்ல மச்சான். நாலு.

நீங்க காட்டிக் குடுக்காத,
உங்கட மூத்த மச்சான்.