லாங் ஐலண்டிலிருந்து ஒரு வாசகர் கடிதம்

இன்று காலை போர்ட் பிளேரில், புரோத்ராபூர் டீக்கடையில் வடை மடித்துக் கொடுத்த தாள், ஏதோ ஒரு வார இதழின் வாசகர் கடிதப் பக்கம். எண்ணெய் ஊறிய தாளின் அடியில் 'பெயர் வெளியிட விரும்பாத வாசகர்' என்று இருந்தது. வடை ஆறும்வரை கையிலேயே வைத்திருந்தேன். நீ இல்லாவிட்டாலும் உன்னிடம் பேச வேண்டும் போலிருந்தது.

அறுபதுகளின் கடைசி. அந்தமானின் லாங் ஐலண்ட் தீவில் நீ அரசுப் படகு டிரைவர், நான் அதே அலுவலகத்தில் கிளார்க். பிரசவம் சிக்கலானால் உன் மோட்டார் படகில்தான் எதிர்க்கரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். வேறு வழி கிடையாது.

அன்று மரம் வெட்டும் தொழிலாளி ஒருவரின் மனைவி விடியலிலிருந்து வலியில் துடித்துக்கொண்டிருந்தாள். நம் அதிகாரியோ மெயின்லேண்டிலிருந்து வந்த தன் விருந்தாளிகளுக்குக் கடற்கரை காட்டிவரச் சொன்னார். "சாப், அங்க ஒரு பொம்பளைக்கு..." என்று இழுத்தாய். "பஹ்லே மெஹ்மான்" என்றார். முதலில் விருந்தாளிகள். நீ போனாய்.

மாலையில் திரும்பியபோது படகுத்துறை ஜெட்டியில் அவள் புருஷன் நின்றிருந்தான். நீ வீசிய கயிற்றை அவன்தான் பிடித்துக் கட்டினான்.  அவள் இறந்து இரண்டு மணி நேரம் ஆகியிருந்தது.

இரண்டு நாள் நீ சோறு தொடவில்லை. மூன்றாம் நாள் ஒரு பக்கம் எழுதி என்னிடம் காட்டினாய். மெட்ராஸ் வார இதழ் ஒன்றின் வாசகர் பகுதிக்கு. "பேர் மட்டும் போடாதே" என்று கெஞ்சினேன். எனக்காகத்தான் போடாமல் விட்டாய்.

கடிதம் கப்பலில் போய், அச்சாகி, இதழ் கப்பலில் வந்தது. போர்ட் பிளேரில் யாரோ படித்துவிட்டு மேலே சொல்ல, அதிகாரியிடம் விளக்கம் கேட்டார்கள். அவர் அலுவலகத்தார் அத்தனை பேரையும் வரிசையாக நிற்கவைத்து, இதழை என்மேல் எறிந்தார். அவருக்குத் தமிழ் தெரியாது.

"படோ. ஹிந்தி மே."

ஹிந்தியில் படித்துச் சொல்லச் சொன்னார். 'விருந்தாளிகளின் உல்லாசத்துக்காக அந்தப் படகு போனது. ஓட்டியவன் மறுத்திருக்கலாம். மறுக்கவில்லை. அவனும் இந்தச் சாவுக்குப் பொறுப்பு.' இதுதான் அச்சில் இருந்தது. நான் ஹிந்தியில் சொன்னது வேறு: அன்று படகின் இன்ஜின் பழுதாகிவிட்டது, நோயாளிகளுக்கென்று இன்னொரு படகு தந்தால் நல்லது.

அதிகாரியின் முகம் தளர்ந்தது. "பஸ்? இத்னா ஹீ?"

அவ்வளவுதான் என்று தலையாட்டினேன். வரிசையின் கடைசியிலிருந்து உன் தூத்துக்குடிக் குரல் கேட்டது.

"ஏன்ல மாத்துதே? இன்ஜின் நல்லாத்தானே இருந்துச்சு?"

முன்னால் வந்து என் கையிலிருந்து இதழைப் பிடுங்கினாய். உன் அரைகுறை ஹிந்தியில் ஒவ்வொரு வரியாகச் சொன்னாய். எந்த வரியையும் விடவில்லை. 

"இதை யார் எழுதியது?" என்றார் அதிகாரி.

"மைனே லிக்கா, சாப்." நான்தான் எழுதினேன் என்றாய்.

அவர் உன்னை விட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார். பொய் சொன்னாயா என்று கேட்டார்.

"எனக்குத் தமிழ் சரியாப் படிக்க வராது, சாப்" என்றேன். பள்ளி இறுதிவரை தமிழ் படித்தவன் நான். உன் கடிதத்தில் நான்கு எழுத்துப்பிழைகளைத் திருத்தியவனும் நான்தான். நீ என்னைப் பார்த்தாய். கோபமில்லாத அந்தப் பார்வையைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

அந்த வாரமே உன் வேலை போனது. அடுத்த மழைக்காலத்துக்குள் நோயாளிகளுக்கென்று ஒரு படகு வந்தது. உன் கடிதத்தால்தான் வந்தது என்று யாரும் சொல்லவில்லை. நீ போர்ட் பிளேர் போய், பிறர் படகில் மீன்பிடிக்கப் போனாய். நானும் அங்கே மாற்றலாகி வந்தபிறகு, லம்பா லைன் பகுதியில் உன் வீட்டுக்கு ஞாயிறுதோறும் வருவேன். மீன் குழம்பு ஊற்றுவாய். அந்த நாளைப் பற்றி இருவரும் பேசியதே இல்லை.

கடைசியில் ஆஸ்பத்திரிக் கட்டிலில்தான் கேட்டாய். "அன்னைக்கு ஏன்ல மாத்துன?"

"உன்னக் காப்பாத்தத்தான்."

"என்னையா?"

 உனக்கு மூச்சு வாங்கியது. ஐந்து நிமிடமாவது நான் உன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். பதில் எனக்குத் தெரியும். இல்லை, என்னைத்தான். அந்த ஒரு சொல்லைச் சொல்லாமல், குடையை எடுத்துக்கொண்டு எழுந்து வந்தேன்.