ஆடுதா மச்சான்?

ஞாயிறு, குனோங் ராபாட்

நண்பன் குணா வேலை கிடைத்துச் சிங்கப்பூர் போனபின் இன்றுதான் முதல் முறையாக, சுங்கை சிப்புட் பழைய தோட்டத்துத் திடலுக்கு எங்கள் ரிமோட் விமானத்தைத் தனியாக எடுத்துப் போனேன்.

பறக்கவிடுமுன் ரிமோட்டின் சிக்னலைக் குறைத்துச் சோதிக்க வேண்டும். ஒருவன் விமானத்தைப் பிடித்திருப்பான். மற்றவன் ரிமோட்டோடு தூரம் போய் அதன் வாலை ஆட்டிப் பார்ப்பான். பிடிப்பது எப்போதும் குணாதான். "ஆடுது லா, இன்னும் பின்னால போ!" என்று கத்துவான். சோதிக்காமல் விட்ட ஒரே நாளில்தான் எங்கள் முதல் விமானம் செம்பனை மரங்களுக்குள் விழுந்தது.

பிடிக்க ஆளில்லை. விமானத்தைப் புல்லில் வைத்து, எதிரே கைப்பேசியைச் சாய்த்து, வீடியோவை ஓடவிட்டு நடந்தேன். திரும்பி வந்து பார்த்தால் வால் ஒழுங்காகத்தான் ஆடியிருக்கிறது.

ஆனால் தூரத்திலிருந்து என் குரல் கேட்கிறது. "ஆடுதா மச்சான்?" கத்தியது எனக்கே தெரியாது. சற்றுக் கழித்து மறுபடியும், இன்னும் சத்தமாக, "ஆடுதா?"

எரிச்சலாக வந்தது. பறக்கவிடாமலே வீடு திரும்பினேன்.

வீடியோவைக் குணாவுக்கு அனுப்பினேன், சத்தத்தை எடுத்துவிட்டு. இப்போதுதான் பதில் வந்தது: "நல்லா ஆடுது லா மச்சான்."